வீட்டுக் கம்ப்யூட்டரில் டாலர் வியாபாரம்: எதிரே இருப்பது யார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்ற சில நாட்களிலேயே உங்கள் கண்ணில் ஒரு விளம்பரம் படும். வீட்டில் இருந்தபடியே தினமும் இரண்டு மணி நேரம் செலவிட்டு டாலரில் சம்பாதிக்கலாம் என்று அது அழைக்கும். வீடியோ பார்க்கும்போது நடுவில் வரும். தேடுதளத்தில் பகுதி நேர வேலை என்று டைப் செய்தால் அங்கேயும் வந்து நிற்கும். டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் முன்பின் தெரியாத ஒருவர் உங்களைச் சேர்த்துவிட்டு, லாபக் கணக்குகளைப் படம் பிடித்துப் போடுவார். எந்த வழியில் வந்தாலும் சரக்கு ஒன்றுதான். அதன் பெயர் பாரெக்ஸ் டிரேடிங். அன்னிய நாட்டுப் பணத்தை ஆன்லைனில் வாங்கி விற்கும் வியாபாரம் இது.

இதற்கு எந்த சாப்ட்வேர் நல்லது, எந்தத் தளத்தில் அக்கவுண்ட் தொடங்கலாம் என்றுதான் புதியவர்கள் பலரும் கேட்கிறார்கள். சாப்ட்வேரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் வாங்கும்போது உங்களுக்கு விற்பவர் யார்? பணம் போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? இதற்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்விக்கே இடம் இருக்காது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வசிக்கும் வீட்டு உபயோகிப்பாளர் வெளிநாட்டு பாரெக்ஸ் தளங்களில் ஒரு ரூபாய்கூடப் போடக்கூடாது. ரிஸ்க் அதிகம் என்பது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. ரிஸ்க் பங்குச் சந்தையிலும் உண்டு. ஆனால் அங்கே பணம் போனால் புகார் சொல்ல செபி இருக்கிறது, பங்குச் சந்தை நிர்வாகம் இருக்கிறது. இந்த வியாபாரத்தில் அப்படித் தட்டுவதற்கு ஒரு கதவு இல்லை. ஏன் இல்லை என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது?

அன்னியச் செலாவணிச் சந்தை என்பது உண்மையான, மிகப் பெரிய சந்தை. சுவிட்சர்லாந்தில் உள்ள சர்வதேச தீர்வு வங்கி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைக் கணக்கெடுக்கிறது. 2025 ஏப்ரல் மாதக் கணக்கின்படி ஒரு நாளைக்குச் சராசரியாக 9.6 லட்சம் கோடி டாலர் அளவுக்குக் கைமாறுகிறது. வங்கிகள், பெரிய நிதி நிறுவனங்கள், ஏற்றுமதி இறக்குமதி செய்யும் கம்பெனிகள் எல்லாம் இதில் இருக்கின்றன.

இந்தச் சந்தைக்கு ஒரு நியாயமான பயன் உண்டு. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்பவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அவருக்கு 50,000 டாலர் வர வேண்டியிருக்கிறது. அதற்குள் டாலர் விலை ஒரு ரூபாய் இறங்கினால் அவருக்கு 50,000 ரூபாய் நஷ்டம். ஆகவே இன்றே ஒரு விலையைப் பேசி வங்கியில் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார். டாலர் வரும் நாளில் பேசிய விலைக்கே வங்கி எடுத்துக்கொள்ளும். இது அவருக்குப் பாதுகாப்பு.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வரும் விளம்பரம் அழைப்பது இதற்கு அல்ல. உங்களுக்கு டாலர் வர வேண்டியதும் இல்லை, கொடுக்க வேண்டியதும் இல்லை. யூரோ ஏறுமா, இறங்குமா என்று ஊகித்துப் பணம் கட்டுகிறீர்கள். டாலரோ யூரோவோ உங்கள் கைக்கு வருவதே கிடையாது. விலை வித்தியாசம் மட்டும் உங்கள் கணக்கில் கூடும் அல்லது குறையும்.

100 மடங்கு என்ற தூண்டில்

நாணயங்களின் விலை ஒரே நாளில் பெரிதாக மாறுவது குறைவு. யூரோவுக்கும் டாலருக்கும் இடையே ஒரு நாளில் அரை சதவீதம், ஒரு சதவீதம் மாறினாலே அது கவனிக்கத் தக்க மாற்றம். 10,000 ரூபாய் போட்டவருக்கு ஒரு சதவீதம் என்றால் 100 ரூபாய் லாபம். இதற்காக யாரும் இரண்டு மணி நேரம் திரை முன்னால் உட்கார மாட்டார்கள். ஆகவே லீவரேஜ் என்ற ஒன்றைக் கொண்டுவருகிறார்கள்.

100 மடங்கு லீவரேஜ் என்றால், நீங்கள் கட்டிய 10,000 ரூபாயை முன்பணமாக வைத்துக்கொண்டு 10 லட்சம் ரூபாய் மதிப்புக்கு வியாபாரம் செய்யலாம். இந்த முன்பணத்துக்கு மார்ஜின் என்று பெயர். விலை உங்களுக்குச் சாதகமாக ஒரு சதவீதம் நகர்ந்தால் 10,000 ரூபாய் லாபம். போட்ட பணம் இரட்டிப்பு. விளம்பரத்தில் இதை மட்டும் சொல்வார்கள். அதே ஒரு சதவீதம் எதிர்ப்பக்கம் நகர்ந்தால் போட்ட பணம் முழுவதும் காலி. முழுவதும் போகும்வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள். மார்ஜின் குறையும்போதே கம்ப்யூட்டர் தானாக உங்கள் வியாபாரத்தை முடித்துவிடும். பிறகு விலை திரும்பி வந்தாலும் உங்களுக்குப் பயன் இல்லை.

இன்னொரு செலவும் இருக்கிறது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே சிறு வித்தியாசம் வைத்திருப்பார்கள். அதை ஸ்பிரெட் என்பார்கள். 0.02 சதவீதம்தான் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் அது 10 லட்சத்துக்குக் கணக்கிடப்படுகிறது. அதாவது ஒவ்வொரு முறையும் 200 ரூபாய். உங்கள் கையில் இருந்தது 10,000 ரூபாய்தான். அதில் இது 2 சதவீதம். ஒரு நாளில் பத்து முறை வாங்கி விற்றால், விலை எந்தப் பக்கம் போனாலும் சரி, 2,000 ரூபாய் ஸ்பிரெட்டுக்கே போய்விடும். அந்த ஐந்தில் ஒரு பங்கைச் சம்பாதித்த பிறகுதான் உங்கள் லாபமே தொடங்குகிறது. எவ்வளவு அதிக முறை நீங்கள் கிளிக் செய்கிறீர்களோ அவ்வளவு தளத்துக்கு வருமானம். போனஸ், பரிசு, போட்டி என்று உங்களைத் தொடர்ந்து டிரேடு செய்யத் தூண்டுவதற்குக் காரணம் இதுதான்.

திரைக்குப் பின்னால் யார்?

கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். திரையில் தெரிகிற எண் எங்கோ உள்ள ஒரு சர்வரில் இருந்து வருகிறது. அந்த சர்வர் யாருடையதோ, அவர் அனுப்புவதைத்தான் உங்கள் திரை காட்டும்.

பாரெக்ஸ் டிரேடிங்குக்கு உலகம் முழுவதும் பிரபலமான சாப்ட்வேர் மெட்டாடிரேடர். மெட்டாகோட்ஸ் என்ற நிறுவனம் தயாரிப்பது. சாப்ட்வேர் உண்மையானது, இலவசமாகவே டவுன்லோட் செய்யலாம். ஆனால் இன்ஸ்டால் செய்த பிறகு ஏதாவது ஒரு புரோக்கரின் சர்வருடன் அது இணைய வேண்டும். விலை, வரைபடம், உங்கள் கணக்கில் உள்ள இருப்பு எல்லாமே அந்த சர்வரில் இருந்துதான் வருகின்றன. நல்ல சாப்ட்வேர் என்பதால் சர்வர் நடத்துபவரும் நல்லவர் என்று ஆகிவிடாது. நல்ல கம்பெனி டெலிபோன் வழியாகவும் பொய் சொல்ல முடியும் அல்லவா?

இரண்டாவது விஷயம். உங்கள் ஆர்டர் அந்த 9.6 லட்சம் கோடி டாலர் சந்தைக்குப் போகிறது என்று நினைக்காதீர்கள். பல தளங்களில் புரோக்கரே உங்களுக்கு எதிர்த் தரப்பு. நீங்கள் வாங்கினால் அவர் விற்றதாகக் கணக்கு. நீங்கள் தோற்றால் அந்தப் பணம் அவருக்கு. நடுவரும் எதிரணியும் ஒரே ஆள்.

இது வெறும் சந்தேகம் அல்ல. எப்எக்ஸ்சிஎம் என்ற அமெரிக்க நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய பாரெக்ஸ் புரோக்கராக இருந்தது. தங்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் இடையே நலன் மோதல் எதுவும் இல்லை, எதிர்த் தரப்பில் இருப்பவர்கள் வெளியார்தான் என்று அது சொல்லிவந்தது. அந்த வெளியார்களில் முக்கியமான ஒரு நிறுவனத்துடன் தனக்கு இருந்த தொடர்பை அது மறைத்துவிட்டது என்று 2017 பிப்ரவரியில் அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்பான சிஎப்டிசி அறிவித்தது. 70 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த நிறுவனம் அமெரிக்காவில் இந்தத் தொழிலை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. கண்காணிப்பு பலமாக உள்ள நாட்டில், கணக்குகளைப் பகிரங்கமாக வெளியிட வேண்டிய நிறுவனத்திலேயே இப்படி நடந்தது. எந்தத் தீவில் பதிவு செய்தது என்றே தெரியாத ஒரு தளத்தின் சர்வரில் என்ன நடக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

சட்டம் உள்ள நாடுகளிலேயே இந்த நிலை

பாரெக்ஸ் டிரேடிங்கைப் பொதுமக்களுக்கு அனுமதிக்கும் நாடுகள் இருக்கின்றன. ஆனால் அங்கெல்லாம் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். முக்கிய நாணயங்களுக்கு அமெரிக்காவில் 2010 முதல் 50 மடங்குதான் அதிகபட்ச லீவரேஜ். ஜப்பானில் குடும்பத் தலைவிகள் வரை இந்த வியாபாரம் பரவிய பிறகு, 2011 முதல் 25 மடங்காகக் குறைத்தார்கள். ஐரோப்பிய யூனியனில் 2018 ஆகஸ்ட் முதல் 30 மடங்கு. ஆஸ்திரேலியாவும் 2021 மார்ச்சில் அதே 30 மடங்குக்கு வந்தது.

ஐரோப்பாவில் கட்டுப்பாடு கொண்டுவருவதற்கு முன் அங்குள்ள கண்காணிப்பு அமைப்புகள் தங்கள் நாடுகளின் கணக்குகளை ஆராய்ந்தன. பாரெக்ஸும் சேர்ந்த இந்த வகை வியாபாரத்தில் 74 முதல் 89 சதவீதம் வரை சாதாரண முதலீட்டாளர் கணக்குகள் நஷ்டத்தில் இருந்தன. தன் வாடிக்கையாளர்களில் எத்தனை சதவீதம் பேர் பணத்தை இழக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு புரோக்கரும் வெப்சைட்டிலேயே போட வேண்டும் என்று அதன் பிறகு விதி வந்தது. ஐரோப்பியருக்கான பக்கத்தில் இந்த எச்சரிக்கை இருக்கும். அந்தச் சட்டம் எட்டாத நாட்டவருக்கான பக்கத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. 500 மடங்கு, 1000 மடங்கு லீவரேஜ் தருகிறோம் என்று ஒரு தளம் நம்மை அழைத்தால், கடுமையான சட்டம் உள்ள நாடுகளில் அது விற்க முடியாத சரக்கு என்று புரிந்துகொள்ளுங்கள்.

2015 ஜனவரி 15ஆம் தேதி நடந்ததையும் சொல்ல வேண்டும். சுவிஸ் நாட்டின் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்குக்குக் கீழே விலை போக விடமாட்டோம் என்று 2011 செப்டம்பர் முதல் காப்பாற்றிவந்த எல்லையை அன்று திடீரென்று கைவிட்டது. சில நிமிடங்களில் பிராங்க் மதிப்பு தாறுமாறாக ஏறியது. நஷ்டம் இவ்வளவுக்கு மேல் போகாமல் தானாக விற்றுவிடு என்று கம்ப்யூட்டரில் கொடுத்து வைத்திருந்த உத்தரவுகள் பலருக்கு வேலை செய்யவில்லை. குறித்த விலையில் வாங்க ஆளே இல்லாதபோது கம்ப்யூட்டர் என்ன செய்யும்? போட்ட பணம் போனதோடு, புரோக்கருக்கு மேலும் கடன்பட்ட நிலைக்குப் பலர் ஆளானார்கள். பிரிட்டனில் இயங்கிய அல்பாரி நிறுவனம் திவாலானது. மேலே சொன்ன எப்எக்ஸ்சிஎம் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்களிடமிருந்து வராமல் நின்ற தொகை மட்டும் சுமார் 22.5 கோடி டாலர். 30 கோடி டாலர் கடன் வாங்கித்தான் அது பிழைத்தது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் அன்னியச் செலாவணி தொடர்பான எல்லாவற்றையும் ஆள்வது 1999ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். சுருக்கமாகப் பெமா என்பார்கள். 2000 ஜூன் 1 முதல் அமலில் உள்ளது. இதன்படி இந்தியாவில் வசிப்பவர் அன்னிய நாணயத்தை அங்கீகாரம் பெற்றவர்களிடம் மட்டும்தான், அனுமதிக்கப்பட்ட காரியங்களுக்கு மட்டும்தான் வாங்க, விற்க முடியும். அங்கீகாரம் கொடுப்பது ரிசர்வ் வங்கி.

வெளிநாட்டுக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாமே என்று சிலர் வாதம் செய்வார்கள். உண்மைதான். 2004 பிப்ரவரியில் 25,000 டாலருடன் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இன்று அவ்வளவு அனுமதி இருக்கிறது. படிப்பு, மருத்துவம், சுற்றுலா, அன்பளிப்பு, வெளிநாட்டுப் பங்குகள் என்று பல காரியங்களுக்கு அனுப்பலாம். ஆனால் வெளிநாட்டுத் தளங்களில் மார்ஜின் கட்டுவதற்கு இந்தத் திட்டத்தில் அனுமதி இல்லை என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டில் கரன்சி டிரேடிங் செய்யப் பணம் அனுப்புவதற்கும் அனுமதி இல்லை. விதியை மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் தருகிறது.

நம் நாட்டுப் பங்குச் சந்தைகளில் கரன்சி டிரேடிங் நடக்கிறதே என்றும் கேட்பார்கள். அதுவும் உண்மை. தேசியப் பங்குச் சந்தையில் 2008 ஆகஸ்ட் 29 அன்று டாலர், ரூபாய் ஒப்பந்தங்கள் தொடங்கின. ஒரு ஒப்பந்தம் 1,000 டாலர். வீட்டில் இருந்தபடி பலர் இதில் ஊக வியாபாரம் செய்தார்கள். 2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. ரூபாய் சம்பந்தப்பட்ட இந்த ஒப்பந்தங்களைச் செய்பவருக்கு உண்மையான டாலர் வரவு அல்லது செலவு இருக்க வேண்டும் என்று அது தெளிவுபடுத்தியது. 10 கோடி டாலர் வரை ஆதாரப் பத்திரத்தை முன்கூட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் வரவு செலவு உண்மையாக இருந்தாக வேண்டும். இது புதிய விதி அல்ல, முன்பே உள்ளதுதான் என்றும் ரிசர்வ் வங்கி விளக்கியது. 2024 மே 3 முதல் இது அமலுக்கு வந்தது. அதற்கு முன் எழுதிய புத்தகங்களையும் வீடியோக்களையும் பார்த்துவிட்டு, இந்தியப் பங்குச் சந்தையில் யார் வேண்டுமானாலும் டாலர் டிரேடிங் செய்யலாம் என்று இன்று நம்பக் கூடாது.

எச்சரிக்கைப் பட்டியல்

2022 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி ஒரு அறிக்கையில் எச்சரித்தது. சமூக வலைத்தளங்கள், தேடுதளங்கள், சினிமா பார்க்கும் ஆப்கள், கேம்கள் என்று எல்லா இடத்திலும் அங்கீகாரம் இல்லாத தளங்கள் விளம்பரம் செய்வதாகவும், ஏஜென்டுகள் நேரில் வந்து பேசுவதாகவும் அது கூறியது. அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. முதல் பட்டியலில் 34 பெயர்கள். 2023 நவம்பரில் அது 75 ஆனது. அதற்குப் பிறகும் பெயர்கள் சேர்ந்துகொண்டே வருகின்றன.

ஆக்டா எப்எக்ஸ், எக்ஸ்னெஸ், எக்ஸ்எம், அவாட்ரேட், ஒலிம்ப் டிரேட் என்று விளம்பரங்களில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் முதல் பட்டியலிலேயே இருந்தன. இவற்றில் ஆக்டா எப்எக்ஸ் ஒரு ஐ.பி.எல். கிரிக்கெட் அணிக்கு ஸ்பான்சராக இருந்த பெயர். டி.வி.யில் வந்ததே, கிரிக்கெட் வீரர்கள் சட்டையில் இருந்ததே என்பது அங்கீகாரம் ஆகாது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

அமெரிக்காவில் அப்போது முறையான உரிமத்துடன் இயங்கிய டிடி அமெரிட்ரேட் என்ற பெரிய நிறுவனத்தின் பெயரும், பிரிட்டனின் ஐஜி பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தன. அவர்கள் மோசடிக்காரர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இந்தியாவில் பெமா சட்டப்படி அனுமதி பெறாதவர்கள் என்பதுதான் அர்த்தம். எங்களுக்கு லண்டனில் லைசென்ஸ் இருக்கிறது என்று ஒருவர் சான்றிதழ் காட்டினால், அது உண்மையாகவே இருந்தாலும் இங்கே செல்லாது. பட்டியலில் பெயர் இல்லை, ஆகவே பரவாயில்லை என்றும் முடிவு செய்யக் கூடாது. பட்டியல் முழுமையானது அல்ல என்று ரிசர்வ் வங்கியே அதில் சொல்லியிருக்கிறது.

பணம் போகும் வழி

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் பணம் எப்படிப் போகிறது? நீங்கள் தளத்தில் பணம் கட்டும் பட்டனை அழுத்தினால், பெரும்பாலும் ஒரு யு.பி.ஐ. முகவரியோ வங்கிக் கணக்கு எண்ணோ வரும். அதில் யாரோ ஒரு தனிநபரின் பெயரோ, சம்பந்தமே இல்லாத ஒரு கடையின் பெயரோ இருக்கும். 2024 ஏப்ரல் 24 அன்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் இதையே சொன்னது. அங்கீகாரம் இல்லாத தளங்கள் உள்ளூர் ஏஜென்டுகளை வைத்து, தனிநபர் பெயரிலும் சிறு நிறுவனங்கள் பெயரிலும் பல வங்கிக் கிளைகளில் கணக்கு தொடங்கிப் பணம் வசூலிக்கின்றன என்று எச்சரித்தது. டாலர் வியாபாரம் செய்கிறேன் என்று நினைத்து நீங்கள் எங்கோ ஒரு ஊரில் இருக்கும் முகம் தெரியாத ஒருவர் கணக்கில் ரூபாய் போடுகிறீர்கள். அதற்கு உங்களிடம் ரசீதுகூடக் கிடையாது.

திரையில் லாபம் ஏறிக்கொண்டே இருக்கும். முதலில் ஆயிரம், இரண்டாயிரம் என்று சிறு தொகை கேட்டால் கொடுத்தும் விடுவார்கள். நம்பிக்கை வந்து பெரிய தொகை போட்ட பிறகுதான் சிக்கல். எடுக்கப் போனால் வரி கட்டு, சரிபார்ப்புக் கட்டணம் கட்டு என்பார்கள். கட்டினால் இன்னொரு கட்டணம் முளைக்கும். நினைவில் வையுங்கள்: வரி அரசாங்கத்துக்குக் கட்டுவது. உங்கள் பணத்தை உங்களுக்குத் தர வரியை முன்கூட்டி வாட்ஸ்அப்பில் கேட்பவர் திருடர்.

திரும்பி வரும் பணத்திலும் ஆபத்து இருக்கிறது. அது இன்னொரு ஏமாந்தவர் போட்ட பணமாக இருக்கலாம். அவர் போலீசில் புகார் கொடுத்தால், பணம் போன பாதையில் உள்ள கணக்குகள் வரிசையாக முடக்கப்படும். அந்த வரிசையில் உங்கள் சம்பளக் கணக்கும் இருக்கலாம்.

தடை சரியா?

சொந்தப் பணத்தில் ரிஸ்க் எடுக்க ஒரு மனிதருக்கு உரிமை இல்லையா, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அனுமதிக்கும்போது இங்கே ஏன் தடை என்ற கேள்வி நியாயமானதுதான்.

அன்னியச் செலாவணியில் நம் நாடு கண்டிப்பாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1991இல் நாட்டின் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதுமானதாகச் சுருங்கியது. தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்துக் கடன் வாங்கினோம். இன்று அந்த நிலை இல்லை. விதிகளும் அன்றைக்கு இருந்ததைவிட எவ்வளவோ தளர்ந்துவிட்டன. ஊக வியாபாரத்துக்கு மட்டும் கதவைத் திறக்கவில்லை. என்றாவது திறந்தால், லீவரேஜ் உச்சவரம்பு, நஷ்டக் கணக்கை வெளியிடும் கட்டாயம், புகார் தீர்க்கும் அமைப்பு எல்லாவற்றுடனும்தான் திறக்க வேண்டும்.

அதே சமயம், பட்டியல் வெளியிட்டதோடு பொறுப்பு முடிந்தது என்று ரிசர்வ் வங்கி இருந்துவிடக் கூடாது என்பதையும் சொல்கிறேன். வெப்சைட்டில் ஒரு மூலையில் உள்ள பட்டியலைத் தேடிப் போய்ப் பார்ப்பவர் ஏற்கெனவே எச்சரிக்கையானவர். ஏமாறப் போகிறவருக்கு அது இருப்பதே தெரியாது. ஒவ்வொரு வங்கிக் கிளையிலும் அந்தப் பட்டியல் தமிழில் தொங்க வேண்டும். விளம்பரத்துக்குக் காசு வாங்கும் தேடுதளமும் வீடியோ தளமும் அங்கீகாரம் இல்லாத தளத்தின் விளம்பரத்தை வெளியிட்டால் அவர்களிடமும் கணக்குக் கேட்க வேண்டும். ஒரு தனிநபர் கணக்கில் தினமும் நூறு பேர் பணம் போட்டால் வங்கியின் கம்ப்யூட்டர் அதை அன்றே கண்டுபிடிக்க வேண்டும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்மேல் மட்டும் எல்லாப் பொறுப்பையும் சுமத்துவது சரியல்ல.

நீங்கள் செய்ய வேண்டியவை

வெளிநாட்டுப் படிப்பு, பயணம் என்று உண்மையிலேயே டாலர் தேவைப்பட்டால் உங்கள் வங்கிக்கோ, அங்கீகாரம் பெற்ற நாணய மாற்று நிறுவனத்துக்கோ போங்கள். வங்கி வாடிக்கையாளர்கள் நியாயமான விலையில் டாலர் வாங்கவும் விற்கவும் எப்எக்ஸ் ரீடெயில் என்ற தளம் 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. கிளியரிங் கார்ப்பரேஷன் ஆப் இந்தியா இதை நடத்துகிறது. உங்கள் வங்கியில் விசாரியுங்கள்.

ஒரு தளத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் ரிசர்வ் வங்கி வெப்சைட்டில் இரண்டையும் பாருங்கள். அங்கீகாரம் பெற்றவர்கள் பட்டியலில் பெயர் இருக்கிறதா, எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறதா? முதலாவதில் இல்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

அக்கவுண்ட் தொடங்க உதவுகிறேன் என்று சொல்லி, உங்கள் கம்ப்யூட்டரை தூரத்தில் இருந்து இயக்கும் சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதை அனுமதித்தால் நீங்கள் டைப் செய்யும் வங்கி பாஸ்வேர்டு வரை அவர் பார்க்க முடியும். பான் கார்டு, ஆதார் நகல்களை அனுப்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்டால், எவ்வளவு கமிஷன் சொன்னாலும் கொடுக்காதீர்கள். குற்றவாளியாக முதலில் நிற்பது நீங்கள்தான்.

ஏற்கெனவே பணம் போட்டிருந்தால், விட்டதைப் பிடிக்க மேலும் போடாதீர்கள். திரையில் உள்ள கணக்கு, பேசிய செய்திகள், பணம் அனுப்பிய விவரங்கள் எல்லாவற்றையும் படமாக எடுத்து வையுங்கள். பணம் கேட்டு எடுக்க முடியவில்லை என்றால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகார் பதியலாம். உங்கள் வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு, பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. விதியை மீறிவிட்டோமே என்ற பயத்தில் மறைத்து வைக்காதீர்கள். ஏமாற்றுபவர்கள் நம்பியிருப்பதே அந்தப் பயத்தைத்தான். போன பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று பிறகு ஒருவர் வந்தால், அவரும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவராக இருக்கக்கூடும்.

வாங்கிய கம்ப்யூட்டரில் கற்றுக்கொள்ளவும் சம்பாதிக்கவும் எத்தனையோ வழிகள் இருக்கின்றன. கணக்கு எழுதும் சாப்ட்வேர் கற்றுக்கொள்ளலாம், டைப்பிங், டிசைன், புரோகிராமிங் என்று எதையாவது பழகலாம். இவற்றில் லாபம் மெதுவாகத்தான் வரும். ஆனால் கூலி கொடுப்பவர் யார் என்று தெரியும், கொடுக்காவிட்டால் கேட்க இடம் இருக்கும். டாலர் விளம்பரம் அடுத்த முறை திரையில் வரும்போது எதிரே இருப்பது யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காவிட்டால் மூடிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.